இருபத்தெட்டாம் நாள் பஸ்

கயலுக்கும், அவளோடு இந்த மாதம் வேலைக்குச் சேர்ந்திருக்கும் மற்ற நான்கு பிள்ளைகளுக்கும்.

போன வாரம் கயல் போனில், "அப்பா, எங்க டீமுக்கு உங்க எக்ஸ்பீரியன்ஸ் பத்தி ஏதாவது எழுதிக் குடுங்களேன், ஷார்ட்டா" என்றாள். ஷார்ட்டாக எழுதத் தெரிந்திருந்தால் நான் எப்போதோ மேனேஜர் ஆகியிருப்பேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். நீங்கள் எல்லோரும் பார்மசி படித்தவர்கள். துபாயிலேயே படித்து வளர்ந்ததால் உங்களுக்குத் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், எனக்கும் எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். ஆகவே நமக்குள் சரியாகப் போயிற்று.

நம் தொழில் என்ன என்று ஊரில் யாராவது கேட்டால் இன்றுவரை எனக்கு நறுக்கென்று சொல்ல வராது. மருந்தை நாம் செய்வதில்லை, எழுதித் தருவதில்லை, விற்பதில்லை, சாப்பிடுவதும் இல்லை. டாக்டர் சீட்டு எழுதுகிறார். மருந்துக்கடைக்காரர் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார். பணம் தர வேண்டியது இன்சூரன்ஸ் கம்பெனி. கடைக்கும் கம்பெனிக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு 'கொடு', 'கொடுக்காதே' என்று சொல்கிறவர்கள் நாம். நடுவில் உட்கார்ந்திருப்பவனுக்கு எப்படிச் சம்பளம் தருகிறார்கள் என்பதைப் பொறுத்து அவன் வாயிலிருந்து 'கொடு' வருமா 'கொடுக்காதே' வருமா என்பது மாறும். எனக்குத் தெரிந்த மொத்த வித்தையும் இவ்வளவுதான். இதை நான் கற்றுக்கொண்ட விதம் அவ்வளவு கௌரவமானது இல்லை. அதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் இந்த நாட்டுக்கு வந்தது கம்பி கட்டும் வேலைக்கு. பாலைவனத்தில் ஒரு தொழிலாளர் கேம்பில் இருந்தேன். பிறகு லைசென்ஸ் எடுத்து மருந்து வண்டி ஓட்டினேன். கடைசியில் துபாய் தேராவில், ஏலக்காய் மொத்த வியாபாரக் கடைக்கு மேல் மாடியில் இருந்த ஒரு அலுவலகத்தில், டெலிபோன் எடுக்கும் ஆளாகச் சேர்ந்தேன். தமிழ், இந்தி, மலையாளம் மூன்றிலும் திட்டு வாங்கத் தெரியும் என்பதுதான் அப்போது என் தகுதி.

அந்த நாளில் எங்கள் கம்பெனிக்கு வருமானம் சதவீதக் கணக்கு. மருந்து விலையில் இவ்வளவு என்று எங்களுக்கு. வீட்டுப் புரோக்கருக்கு வாடகையைப் பார்த்துத்தான் கமிஷன் என்றால், அவன் உங்களுக்குக் குறைந்த வாடகை வீட்டைக் காட்டுவானா? நாங்களும் காட்டவில்லை. ஒரே மருந்து நான்கு கம்பெனிப் பெயரில் இருக்கும். கடைக்காரர் பெயரைத் தட்டினால் எங்கள் திரையில் விலை கூடியது முதலில் வரும். அவருக்கு அவசரம், முதல் வரியைத் தட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார். யாரும் பொய் சொல்லவில்லை, வரிசைதான் அப்படி இருந்தது.

இதை இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு நாள் கண்டுபிடித்தது. 'இனி சதவீதம் கலாஸ். விலை எதுவானாலும் ஒரு சீட்டுக்கு இவ்வளவு, அவ்வளவுதான்' என்று கடிதம் அனுப்பிவிட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அதுதானே நியாயம்? ஆனால் எங்கள் மேனேஜர் முகம் தொங்கிப்போனது. அவர் பாலக்காட்டுக்காரர், நல்ல மனிதர், தமிழும் பேசுவார். எட்டுப் பேர் சம்பளத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்.

"தங்கராசு, இந்தக் கணக்கில ஆறு மாசம் ஓடாது. ரெண்டு பேரை ஊருக்கு அனுப்பணும். யாரை அனுப்பட்டும், நீயே சொல்லு" என்றார்.

அந்த நிமிடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. வேலை செய்யாமல் இருந்திருக்கலாம்.

"சார், பிரஷர், சுகர் மாத்திரையெல்லாம் மூணு மாசத்துக்கு ஒரே சீட்டா போகுது. அதை மாசம் ஒண்ணா குடுத்தா?"

மேனேஜர் என்னையே பார்த்தார். "ஒண்ணு மூணாகும்."

"மருந்தும் வீணாகாது சார். ரூம்ல தொலைச்சுடறாங்க, வெயில்ல வெச்சுக் கெடுத்துடறாங்க."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் மனசாரச் சொன்னேன் என்பதை நீங்கள் நம்ப வேண்டும். தப்பான காரியத்துக்கு நல்ல காரணம் கிடைத்துவிட்டால் மனிதன் அசைக்க முடியாத ஆளாகிவிடுகிறான். அன்று சாயங்காலத்துக்குள் விதியை நானே எழுதினேன்: முப்பது நாள் முடியாமல் அடுத்த மாத மாத்திரை கிடையாது. ஒரு நாள் முன்னால் வந்தாலும் 'சீக்கிரம் வந்துவிட்டீர்கள்' என்று திரை திருப்பி அனுப்பும். யாரும் ஊருக்குப் போகவில்லை. எனக்கு சூப்பர்வைசர் பட்டமும், சாய்ந்தால் பின்னால் போகும் நாற்காலியும் கிடைத்தன. அந்த நாற்காலியைப் படம் எடுத்துக் கயலுடைய அம்மாவுக்கு அனுப்பினேன். "தலைகீழா விழுந்துடாதீங்க" என்று பதில் வந்தது.

சில மாதம் போயிற்று. ஒரு வியாழக்கிழமை காலை போன் வந்தது.

"அண்ணே, தமிழா?"

"தமிழ்தான் தம்பி, சொல்லுங்க."

"அப்பாடி. இதுக்கு முன்னாடி ரெண்டு பேருகிட்ட இங்கிலீஷ்ல பேசுனேன். அதுலயே இன்னும் பத்து பாயிண்ட் பிரஷர் ஏறியிருக்கும்."

பேசியவர் பெயர் பன்னீர். அரியலூர்ப் பக்கம். மேற்கே, காரில் போனால் மூன்று மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு சைட்டில் கிரேன் ஆபரேட்டர். அதற்கு முந்தின நாள் சைட் கிளினிக்கில் எல்லா ஆபரேட்டர்களுக்கும் செக்கப் நடந்திருக்கிறது. இவருக்கு மேல் அளவு நூற்றி எண்பதைத் தாண்டியிருக்கிறது. உடனே கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

"பத்து நாள் டைம் குடுத்திருக்காங்கண்ணே. அடுத்த வாரம் சனிக்கிழமை மறுபடி செக் பண்ணுவாங்க. அப்பவும் ஏறியிருந்தா அன்ஃபிட்னு எழுதி, எக்ஸிட் அடிச்சு ஊருக்கு அனுப்பிடுவாங்க. இதுதான் பதினோராவது வருசம். எனக்கு இந்த வேலையை விட்டா வேற எதுவும் தெரியாதுண்ணே."

"மாத்திரை ஒழுங்கா போடலையா தம்பி?"

"இருந்தாத்தானே போடறதுக்கு?"

பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கவனமாகப் படியுங்கள். அவர்கள் கேம்பிலிருந்து டவுனுக்குப் பதினாலு நாளைக்கு ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி பஸ் போகும். மருந்துக்கடை டவுனில்தான். மாத்திரை வாங்கிய இருபத்தெட்டாம் நாள் பஸ் வருகிறது. இவர் போகிறார். கடைக்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு நாள் இருக்கு பாய், அப்புறம் வா" என்கிறார். அடுத்த பஸ் நாற்பத்திரண்டாம் நாள். நடுவில் பன்னிரண்டு நாள் கையில் மாத்திரை கிடையாது. ஒவ்வொரு முறையும் இப்படித்தான். இந்த முறை நாற்பத்திரண்டாம் நாள் பஸ்ஸும் டூட்டியால் தவறிவிட்டது.

"முன்னாடி மூணு மாசத்துக்குச் சேத்துக் குடுத்துருவாங்க, தொல்லை இல்ல. எந்தப் புண்ணியவான் இந்த ரூலப் போட்டான்னு தெரியல. அவன ஒரு நாள் எங்க பஸ்ல ஏத்தி உடணும்ணே."

அந்தப் புண்ணியவான் தொண்டையைச் செருமிக்கொண்டான். "ம்" என்றேன்.

"ரூம்ல ஒருத்தரு பிரஷர் மாத்திரை கடன் குடுத்தாரு. அவருது வெள்ளை, நம்மது மஞ்சள். ஆனா ஒண்ணுதானே?"

"ஐயோ, அதைத் தொடாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

என்னை நானே அடித்துக்கொள்ளாத குறை. ஏனென்றால் அந்தப் பஸ் எனக்குத் தெரியாத பஸ் இல்லை. கம்பி கட்டிய காலத்தில் அதே மாதிரி பஸ்ஸில் ஜன்னலோர இடத்துக்குச் சண்டை போட்டவன் நான். மாதத்தை முப்பது நாளாக எண்ணுகிறவர்கள் ஆபீஸில் இருப்பவர்கள். கேம்பில் இருப்பவனுக்கு மாதம் என்பது இரண்டு பஸ். இது மேனேஜருக்குத் தெரியாது, இன்சூரன்ஸ்காரருக்குத் தெரியாது. அந்த மாடியிலேயே தெரிந்த ஒரே ஆள் நான். சாய்வு நாற்காலிக்கு ஆசைப்பட்டதில் அதை மறந்துபோனேன்.

சரி, முதலில் ஆளைக் காப்பாற்றுவோம். எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு குறுக்கு வழி உண்டு. ஊருக்கு லீவில் போகிறவர்களுக்கு மொத்தமாக மருந்து கொடுக்கலாம். காரணம் என்ற இடத்தில் 'லீவு' என்று தட்டினால் போதும். தட்டினேன். பன்னீருக்கு மூன்று மாத மாத்திரை பாஸ் ஆகிவிட்டது. பெருமையாக மூச்சுவிட்டுத் திரும்பினால், பின்னால் காக்கா நிற்கிறார்.

காக்கா எங்கள் அலுவலகத்தின் பார்மசிஸ்ட். கீழக்கரைக்காரர். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள், அதனால் என்னைவிட இரண்டு வயது சின்னவராக இருந்தும் ஆபீஸ் முழுக்க அவரைக் காக்கா என்றே கூப்பிட்டோம். எதற்கும் சத்தம் போட மாட்டார், ஊசி மட்டும் குத்துவார்.

"யாரு லீவுல போறா?"

"ஒரு கிரேன் ஆபரேட்டர், காக்கா."

"டிக்கெட் போட்டாச்சா?"

விஷயத்தைச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"நல்ல காரியம் பண்ணுனே. அந்தப் பஸ்ஸுல அவன் ஒருத்தன்தான் வாரானா?"

"இல்ல, அம்பது பேரு இருப்பாங்க."

"அப்ப அம்பது பேரையும் லீவுல அனுப்பிரு. கேம்பே காலி. சைட்டுக்காரன் நம்மள வந்து உதைப்பான்."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பன்னீருக்கு அடுத்த பஸ் வர இன்னும் பத்து நாள் இருந்தது, செக்கப்புக்கு மறுநாள். ஆகவே அவருடைய அடையாள அட்டையை வாட்ஸாப்பில் வாங்கி, தேராவிலேயே மாத்திரையை எடுத்துக்கொண்டு, சனிக்கிழமை காலை நானே காரில் கிளம்பினேன். முந்தின நாளே பன்னீருடைய டாக்டரைக் கூப்பிட்டு, பழைய அளவிலேயே ஆரம்பிக்கலாமா என்று காக்கா கேட்டு வைத்திருந்தார். நல்லவர்தான், என்னிடம் மட்டும் காட்டிக்கொள்ள மாட்டார்.

கேம்பில் பன்னீர் வாசலிலேயே நின்றார். ஆறடி உயரம், பெரிய மீசை, குழந்தை மாதிரி சிரிப்பு. ரூமுக்குக் கூட்டிப்போய், கட்டிலில் உட்காரவைத்து, டீ கொடுத்தார். நானும் கேம்பில் இருந்தவன்தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

"இவருதான்டா! துபாய்லேர்ந்து நமக்காகக் கார் எடுத்துட்டு வந்திருக்காரு. இந்த மாதிரி ஒரு மனுசன் அந்த ஆபீஸ்ல இருக்காரு பாரு!"

ரூமில் இருந்தவர்கள் என்னை ஏதோ மந்திரியைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகப் பெட்டியைத் திறந்தார்கள். சுகர்காரர் ஒருவர், கொலஸ்ட்ரால்காரர் ஒருவர், வெள்ளை மாத்திரை கடன் கொடுத்த வள்ளல் ஒருவர். பக்கத்து ரூமிலிருந்து பீகார்க்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். எல்லோர் கையிலும் மருந்துக்கடைச் சீட்டு. எல்லாவற்றிலும் ஒரே வரி: சீக்கிரம் வந்துவிட்டீர்கள். நான் எழுதிய வரி.

அந்த இடத்தில் 'அதை எழுதியது நான்தான்' என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. டீயைக் குடித்துவிட்டு, "பார்க்கிறேன், பேசிப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். திரும்பி வந்த மூன்று மணி நேரமும் எனக்கு என் மேலேயே கோபம். பாட்டுகூடப் போடவில்லை.

திங்கட்கிழமை இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஆள் வருகிறார்கள், புதுச் சம்பள முறை எப்படிப் போகிறது என்று பார்க்க. வருகிறவர் ஓர் எகிப்து நாட்டு டாக்டரம்மா. காலையில் மேனேஜர் என் டையைச் சரிசெய்துகொண்டே, "தங்கராசு, நீ சிரிச்சிட்டு இருந்தா மதி, அது போதும். பேசண்டா" என்றார்.

டாக்டரம்மா காகிதங்களைப் புரட்டினார். "மருந்து விலை குறைந்திருக்கிறது, நல்லது. ஆனால் சீட்டுகள் இவ்வளவு கூடியிருக்கின்றனவே, ஏன்? திடீரென்று எல்லோருக்கும் உடம்பு சரியில்லையா?"

"சர்வீஸ் நல்லா இருக்கு, மேடம். ஜனங்க நிறைய வர்றாங்க" என்றார் மேனேஜர்.

நான் வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் மேனேஜர் என் காலை மிதித்தார். என் வாழ்க்கையில் அந்த ஒரு நொடியைத்தான் நான் அதிக நேரம் வாழ்ந்திருக்கிறேன். சொன்னால் எட்டுப் பேர் வேலைக்கு ஆபத்து, என் வேலை முதலில் போகும். அப்போது கயல் பத்தாம் வகுப்பு. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சனிக்கிழமை கட்டிலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

"மேடம், உடம்பு சரியில்லாதவங்க கூடல. ஒரு சீட்டை நாங்க மூணாக் கிழிச்சிருக்கோம்" என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். பஸ் கணக்கையும் சொன்னேன். இருபத்தெட்டு, முப்பது, நாற்பத்திரண்டு என்று காகிதத்தில் எழுதிக் காட்டினேன். மேனேஜரின் கால் மெல்ல என் கால் மேலிருந்து இறங்கியது.

"இந்த விதியை எழுதியது யார்?" என்று அந்த அம்மா கேட்டார்.

மேனேஜர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அதை இன்றும் மறக்க மாட்டேன். "எங்க கம்பெனி முடிவு, மேடம்" என்றார்.

"நான்தான்" என்றேன்.

டாக்டரம்மா பேனாவை மூடினார். "யல்லா, சரி, அப்படியானால் நீங்களே சொல்லுங்கள். உங்களுக்கு எப்படிச் சம்பளம் கொடுத்தால் இப்படிச் செய்யாமல் இருப்பீர்கள்?"

திட்டுவார் என்று தயாராக இருந்தேன், இதற்குத் தயாராக இல்லை. "சீட்டுக் கணக்கு வேண்டாம், மேடம். ஆள் கணக்குல குடுங்க. ஒரு ஆளுக்கு வருசத்துக்கு இவ்வளவு. அவர் ஒரு தடவை வந்தாலும் பத்துத் தடவை வந்தாலும் அதேதான்."

மூலையிலிருந்து காக்கா வாயைத் திறந்தார். "அப்ப அவன் வராமலே இருந்தாத்தான் நமக்கு லாபம். போன் அடிச்சா இவன் எடுக்கவே மாட்டான், மேடம்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். மேனேஜர்கூடச் சிரித்தார். ஆனால் காக்கா சொன்னது சரி. அதன் பிறகு இரண்டு மணி நேரம் நாங்கள் செய்தது ஒரே வேலைதான். ஒருவர் ஒரு முறையைச் சொல்வார், மற்றவர்கள் அதில் எப்படித் திருடலாம் என்று யோசிப்போம். அவ்வளவு திறமைசாலிகளோடு ஒரே ஆபீஸில் இருந்திருக்கிறேன் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசியில் ஆள் கணக்கில் சம்பளம் என்றும், அந்த ஆளுக்கு மாத்திரை நடுவில் நின்றுபோனால் அவருக்கான பங்கில் பாதி கிடையாது என்றும் டாக்டரம்மா எழுதிக்கொண்டார். இது கையெழுத்தாக மாதங்கள் ஆயின, நடுவில் இரண்டு முறை சண்டையும் நடந்தது. யாரும் ஊருக்கு அனுப்பப்படவில்லை. ஆனால் முப்பது நாள் விதியை அன்று மதியமே நானே என் கையால் அழித்தேன். நாற்காலி மட்டும் காக்காவுக்குப் போயிற்று. பழைய மேசையில் போன் எடுக்கத் திரும்பினேன். புது விதிகளைப் பார்த்துச் சொல்லும் வேலை மட்டும் என்னிடமே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை காலையிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் பன்னீர் கூப்பிட்டார்.

"அண்ணே! நூத்தி முப்பத்தெட்டு! ஃபிட்டுன்னு எழுதிட்டாங்க. நாளான்னிக்கு மேல ஏறிருவேன். உங்கள சாமியா நெனச்சுக்கறேண்ணே."

இதற்கு மேல் வாங்கிக்கொள்ள என் முதுகில் இடமில்லை.

"பன்னீர், ஒண்ணு சொல்லணும். அந்த ரூலப் போட்டவன் நான்தான்."

அவருக்குப் பின்னால் ஏதோ லாரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது.

"நீங்களா?"

"நான்தான்."

"கேம்புல இருந்தவருன்னு சொன்னீங்களேண்ணே?"

"அதுதான் எனக்கும் கஷ்டமா இருக்கு. அந்த ரூல எடுத்தாச்சு. உங்க ரூம்ல எல்லாருக்கும் இனிமே மூணு மாசத்துக்குச் சேத்துக் கிடைக்கும்."

பெருமூச்சு விட்டார்.

"என்னண்ணே நீங்க. பத்து நாளாத் தூங்கல நான். பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லல." அப்புறம் அவரே சொன்னார்: "சரி, வுடுங்க. ஆனா ஒண்ணு. இனிமே ஏதாவது ரூல் போடறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போடுங்க. இது ஆகுமா ஆகாதான்னு ஒரு நிமிசத்துல சொல்லிருவேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனாலும் போட்டேன். அதற்கடுத்த வருடம், மருந்து வாங்கும்போது நோயாளியின் கைபேசிக்கு ரகசிய எண் வரவேண்டும் என்று மேலிருந்து ஒரு யோசனை வந்தது. படித்த பிள்ளைகள் செய்தது, கேட்க அருமையாக இருந்தது. பன்னீரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"ஆகாதுண்ணே. நம்ம மருந்த ரூம்காரன்தான் போய் வாங்கிட்டு வருவான். நான் கிரேன்ல இருப்பேன், மேல போன் எடுத்துட்டுப் போகக் கூடாது. நம்பரு லாக்கருக்குள்ள கெடந்து கத்தும்."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கேம்பில் இருப்பவர்களுக்கு அந்த யோசனையை நிறுத்தினோம். நான் ஓய்வு பெறும்வரை எந்த விதியும் பன்னீரைத் தாண்டாமல் என் மேசையை விட்டுப் போனதில்லை. அவர் எத்தனையைத் தள்ளினார் என்று மேனேஜருக்குத் தெரிந்திருந்தால் அவருக்கும் ஒரு நாற்காலி போட்டிருப்பார்.

பிள்ளைகளே, இப்போது உங்கள் கம்பெனியிலும் சம்பள முறையை மாற்றப் போகிறார்கள் என்று கயல் சொன்னாள். நல்லது, மாற்றட்டும். எந்த முறை வந்தாலும், உங்களில் ஒருவருக்கு என்னைப் போலவே ஒரு நல்ல யோசனை தோன்றும். தோன்றியதும் தட்டிவிடாதீர்கள். அந்த விதி யார் தலையில் விழுமோ, அப்படிப்பட்ட ஓர் ஆளை முதலில் கூப்பிட்டுக் கேளுங்கள். அப்படி யாரையும் தெரியாது என்றால், பன்னீர் நம்பரைக் கயலிடம் தனியாகக் கொடுத்திருக்கிறேன். அவரிடம் சொல்லியும் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் கூப்பிடாதீர்கள். அன்றைக்குப் பஸ் இல்லாவிட்டால் அவர் தூங்குவார்.

— அப்பா
(மற்ற நான்கு பேருக்கும் தங்கராசு அங்கிள்)